கோட்டுப் போட்ட ஆடு

கே.புதூர், மதுரை
22.1.2025

தம்பி செல்வக்குமாருக்கு அக்கா கனகலட்சுமி எழுதுவது.

நானும் உன் மச்சானும் சுகம். நீ, முத்துமீனா, எருமைகள் எல்லாரும் சுகம்தானே? எருமைகளையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. உன் வீட்டில் மரியாதை தெரிந்தவை அவை மட்டும்தான்.

பொங்கலுக்குத் திவ்யா சிங்கப்பூரிலிருந்து வந்தாள், இருந்தாள், போய்விட்டாள். போகும்போது டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்து ஒயரெல்லாம் சொருகிவிட்டுப் போயிருக்கிறாள். வீடியோ கேமாம். "நீயும் அப்பாவும் பகல் பூரா சீரியல் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீக. இத விளையாடுங்கம்மா, கை காலு அசையும்" என்கிறாள். முப்பது வருடம் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவளுக்குக் கை கால் அசைய சிங்கப்பூரிலிருந்து பெட்டி வரவேண்டியிருக்கிறது.

என்ன விளையாட்டு என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். சின்னதாக இரண்டு குச்சி. மணிக்கட்டில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஆளுக்கொன்றாகப் பிடிக்க வேண்டும். நம் கை எப்படி ஆடுகிறதோ, டிவிக்குள்ளும் அப்படியே ஆடும். சரி, ஏதாவது உருப்படியாக இருக்கும் என்று பார்த்தால், கோட்டுப் போட்டு டை கட்டிய ஒரு ஆடு வந்து நிற்கிறது. அதுதான் வாத்தியார். இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டுக் கண்ணடிக்கிறது. தூங்குகிற ராஜாவின் மூக்கில் உட்காரும் ஈயை நாம் விரட்ட வேண்டும். அது முடிந்தால் முதலைக்குப் பல் தேய்த்துவிட வேண்டும். அப்புறம் ஓடுகிற ரயிலில் தட்டு நிறைய சூப்பை ஏந்திக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் சேர்க்க வேண்டும். தோற்றால் அந்த ஆடு வாயைக் கோணிக்கொண்டு 'மே' என்று கத்துகிறது. படித்தவர்கள் ஆபீஸ் போட்டு உட்கார்ந்து யோசித்துச் செய்த காரியம் இது. என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்தால் இதைவிட நல்ல விளையாட்டாகக் கண்டுபிடித்திருப்பார்கள்.

உன் மச்சான் சூப்பை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கிழவியிடம் கொடுத்துவிட்டு, கலெக்டர் வேலை கிடைத்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கொடுத்த குச்சி சரியில்லை. நான் ஓர் அடி வைப்பதற்கு முன்பே சூப் தளும்பித் தரையெல்லாம் கொட்டுகிறது. தரமில்லாத சாமான்.

இதையெல்லாம் பேச்சில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். உன்னால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சிவராத்திரி அன்று கூடப் பிறந்த அக்காவின் பொங்கல் பானையை ஏற்றும் முன்பே பெண்டாட்டியின் பானைக்குத் தீ மூட்டிய மகராசனோடு இனி வாய் பேசமாட்டேன் என்று குலசாமி முன்னால் சூடத்தை அணைத்தேன். நீயும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் அணைத்தாய். ஐந்து வருடம் ஆகிறது. சத்தியத்தை நான் காப்பாற்றுகிறேன், நிம்மதியாகவும் இருக்கிறேன்.

உன் பக்கம் மழை தண்ணி எப்படி என்று எழுது. முத்துமீனாவைக் கேட்டதாகச் சொல். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா,
கனகலட்சுமி


உசிலம்பட்டி
30.1.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, மரியாதை தெரியாத தம்பி எழுதியது.

எருமைகள் நான்கும் நலம், உன்னைக் கேட்டதாகச் சொன்னன. முத்துமீனாவுக்கு இடுப்புப் பிடிப்பு, தைலம் போடுகிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைதான் எட்டிப் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைத் தீவனக் கடையில் வைத்து வாசித்தேன். பருத்திக்கொட்டை வாங்க வந்தவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். கோட்டுப் போட்ட ஆட்டை ஒருத்தரும் நம்பவில்லை. அழகுபாண்டி மட்டும், "கோட்டோட சேத்து எம்புட்டுண்ணே சொல்றாக?" என்று சந்தை விலை கேட்டான். நான் விடிந்தால் எருமைக்கு ஈ விரட்டுகிறேன், மடி கழுவுகிறேன், சாணி அள்ளுகிறேன். எந்த ஆடும் எனக்குக் கண்ணடித்ததில்லை. நீங்கள் ஃபேனுக்கு அடியில் நின்று டிவி ராஜாவுக்கு ஈ விரட்டுகிறீர்கள். மதுரைக்குப் போனவர்களின் புத்தி இப்படித்தான் போகும் என்று அப்போதே சொன்னேன்.

பானைப் பேச்சு இல்லாமல் உனக்குக் கடிதம் முடியாது. எனக்கும் பதில் சொல்லாமல் முடியாது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, நீ வந்த பஸ் செக்கானூரணியில் டயர் பஞ்சராகி நிற்கிறது, பூசாரி பால்பாண்டி "ஏத்துங்கப்பா, ஏத்துங்கப்பா" என்று என் தலையில் ஏறுகிறார். நான் என்ன டயருக்குக் காற்றடித்துக்கொண்டா இருந்தேன்?

பேச்சில் சொல்லலாமே என்று எழுதியிருக்கிறாய். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாயால்தான் பேசக்கூடாது, கையால் எழுதலாம் என்று பால்பாண்டி தீர்ப்புச் சொன்ன பிறகு வாட்ஸ்ஆப்பில்தானே எழுதிக்கொண்டிருந்தோம்? என் கட்டைவிரல் மைக்கில் பட்டு, "ஏ முத்துமீனா, காப்பியக் கொண்டா" என்று நான் சொன்னது உனக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வாரமே கன்றுக்குட்டி செத்தது. அதிலிருந்து எனக்குப் போன் என்றால் பயம். காகிதம் போதும்.

ஒன்று கேட்க வேண்டும். உறையில் முகவரி எழுதியது யார்? போஸ்ட்மேன் என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். உன் எழுத்தைப் பார்த்து எழுதப் பழகிய ஊர் இது. பேனா சரியில்லை என்றால் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள், கஞ்சத்தனம் பண்ணாதே.

மச்சானுக்கு என் வணக்கம். கிழவியிடம் சூப்பைச் சேர்த்ததற்கு மாலை போட்டதாகச் சொல்லவும்.

செல்வக்குமார்


கே.புதூர்
11.2.2025

தம்பிக்கு,

எல்லாரும் நலம். முத்துமீனா இடுப்புக்குத் தைலம் போட்டால் மட்டும் பத்தாது, குனிந்து சாணி அள்ளுவதை நிறுத்தச் சொல். நீ அள்ளு.

என் கடிதம் கடைத்தெருவில் கூட்டம் போட்டு வாசிக்கவா? புத்தி மாறாது. பேனா பழையது, மை கசிகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சனியன் பிடித்த விளையாட்டில் இன்னொன்று இருக்கிறது. பெயர் 'சிலை'. இதற்கு டிவியைப் பார்க்கவே கூடாதாம். எதிரெதிரே நின்று, குச்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் முதலில் அசைகிறார்களோ அவர் தோற்றார். இதற்குப் பெட்டி எதற்கு, டிவி எதற்கு, கரண்டு எதற்கு? நீயும் நானும் அஞ்சு வருஷமாக ஓசியில் விளையாடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. நான் நெஞ்சில் குச்சியை வைத்தவுடனே ஆடு கத்துகிறது. உன் மச்சான் இருமினாலும் தும்மினாலும் அதற்குக் காது கேட்காது. குச்சிகளை மாற்றிக்கொண்டு நின்றோம். அப்போதும் என் பக்கம்தான் கத்தியது. இரண்டு குச்சியும் கோளாறு.

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் யூனுஸ் என்று ஒரு ஆள் இந்தப் பெட்டிகளை எல்லாம் ரிப்பேர் செய்கிறார். அவர் பெண் ஃபாயிஸா என்னிடம் படித்தவள். அங்கே கொண்டுபோனேன். அந்த ஆள் குச்சியை மேசையில் வைத்தார். சத்தம் இல்லை. தான் பிடித்துப் பார்த்தார். சத்தம் இல்லை. என் கையில் கொடுத்தார். 'மே'. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துவிட்டு, "குச்சியில ஒரு கோளாறும் இல்ல டீச்சரம்மா. உக்காருங்க, டீ சொல்றேன்" என்றார். டீ சொல்கிறாராம். வேலை தெரியாதவர்கள்தான் டீ சொல்வார்கள். குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திவ்யாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பெட்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறேன்.

கனகலட்சுமி


உசிலம்பட்டி
17.2.2025

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. உன் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட தாளில் எழுதியும் வரி கோட்டில் நிற்கவில்லை. பழைய கடிதம் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். முத்துமீனாவும் பார்த்தாள். "இது மதினி எழுத்தே இல்லையே" என்றாள். மை கசிந்தால் எழுத்து தடிக்கும் அக்கா, நடுங்காது.

கை எத்தனை நாளாக ஆடுகிறது? ஒழுங்காக எழுது. பெரியாஸ்பத்திரியில் போய்க் காட்டு. மச்சானைக் கூட்டிக்கொண்டு போ. அந்த யூனுஸ் வேலை தெரியாத ஆள் இல்லை.

மாசிச் சிவராத்திரிக்குக் கோயிலுக்கு வா. இந்த வருஷம் உன் பானைதான் முதலில் ஏறும். பஸ் எந்த ஊரில் பஞ்சரானாலும் சரி, நல்ல நேரம் எக்கேடு கெட்டாலும் சரி, நீ வரும்வரை ஒரு அடுப்பும் எரியாது. பால்பாண்டியிடமும் சொல்லிவிட்டேன். பேச வேண்டாம். பானையை மட்டும் ஏற்று.

உன் தம்பி,
செல்வக்குமார்


கே.புதூர்
2.4.2025

தம்பிக்கு,

சுகம். கோயிலுக்கு வரவில்லை. சிவராத்திரி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஏன் வரவில்லை என்று இனிமேல் கேட்காதே. அடுப்பு மூட்டாமல் காத்திருந்தீர்களாம், உச்சி வெயில் ஏறிய பிறகுதான் பொங்கல் வைத்தீர்களாம். அழகுபாண்டியின் மனைவி சந்தையில் பார்த்துச் சொன்னாள். உன்னை யார் காத்திருக்கச் சொன்னது?

என் கைக்கு ஒன்றும் இல்லை. மாட்டுத்தீவனம் விற்கிறவன் எப்போதிலிருந்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தான்?

விளையாட்டில் எனக்கு ஒன்றும் வராது என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ராஜாவுக்கு ஈ விரட்டுவதில் உன் மச்சானால் என் பக்கத்தில் வரமுடியவில்லை. குச்சியைச் சும்மா பிடித்தாலே போதும், ஈயெல்லாம் பறந்துவிடுகிறது. முதலைக்குப் பல்லும் பளிச்சென்று தேய்த்துவிடுகிறேன். ஆடு துள்ளிக் குதித்துக் கைதட்டுகிறது. டிவிக்குள் தங்கக் கோப்பை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு படி அரிசி வாங்க முடியுமா? முட்டாள்தனமான விளையாட்டு, முட்டாள் ஆடு.

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எருமைகளை நிழலில் கட்டு.

கனகலட்சுமி


உசிலம்பட்டி
9.4.2025

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

ஈ ஏன் பறக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கோப்பை வாங்கினேன் என்று என்னிடமே எழுதுகிறாய். அவ்வளவு பெரிய முட்டாளா நான்?

போன திங்கட்கிழமை பிண்ணாக்கு ஏற்ற மதுரைக்கு வந்தேன். வேலை முடிந்ததும் கோரிப்பாளையம் போய் யூனுஸ் கடையை விசாரித்துக் கண்டுபிடித்தேன். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. டீச்சரம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல, டீயாவது குடுப்போம்னு பாத்தேன். கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார். அவருக்கு வருத்தம்.

அங்கிருந்து உன் தெருவுக்கு வந்தேன். எதிர்க்கடையில் சோடா குடித்துக்கொண்டு உன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்து மல்லிகைப்பூ வாங்கினாய். பூவை இடது கையால் வாங்கினாய். வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாய். கூப்பிட வாய் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நம் அப்பாவை நினைத்துத்தான் நீ பயப்படுகிறாய். நானும் அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். அவருக்குக் கை ஆடத் தொடங்கிய பிறகு கடைசி வரைக்கும் நாம்தான் ஊட்டிவிட்டோம். ஆனால் அப்பாவை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. வயசானால் ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அதற்கு மாத்திரை இருக்கிறதாம். யூனுஸின் அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு தானே சட்டைப் பொத்தான் மாட்டுகிறாராம்.

எனக்கு அக்கா நீ ஒருத்திதான். போய்க் காட்டு.

செல்வக்குமார்


கே.புதூர்
16.4.2025

செல்வக்குமாருக்கு,

ஒளிந்து நின்று வேவு பார்த்தாயா? வெட்கமாக இல்லை? சோடா குடிக்க உசிலம்பட்டியில் கடை இல்லையா?

சரி, ஆடுகிறது. தீபாவளிக்கு முன்பிருந்தே ஆடுகிறது. டம்ளரில் பாதிதான் ஊற்றிக் குடிக்கிறேன். கோலம் போடுவதில்லை. திவ்யாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அங்கே வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

உன் மச்சானுக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறார். நடிப்பு அவருக்குக் கொஞ்சமும் வரவில்லை. போன வாரம் 'சிலை' விளையாடும்போது அவரே வேண்டுமென்று தோளை ஆட்டித் தோற்றார். தோற்றுவிட்டுச் சிரிக்கிறார். குச்சியை அவர் மடியில் எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம். ஆடாவது உண்மையைச் சொல்லிக் கத்துகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். போனால் பெயர் வைப்பார்கள். பெயர் வைத்துவிட்டால் அது நம் வீட்டில் குடியேறிவிடும். இப்போதைக்கு அது வெறும் ஆட்டம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதினேன். இன்னும் கொஞ்ச நாளில் இதுவும் முடியாது. உன் மச்சானிடம் சொல்லி எழுதச் சொல்வாய். அது மட்டும் நடக்காது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இன்னொருத்தர் கை வேண்டியதில்லை. கை நின்றால்தான் கடிதம். கை நிற்காவிட்டால் நமக்குள் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. உனக்கும் நிம்மதி.

க.


உசிலம்பட்டி
20.5.2025

அக்காவுக்கு,

இடையில் இரண்டு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமல் போகும்போதெல்லாம் கடையை விட்டு இறங்கிப் போய் அவரை நிறுத்திக் கேட்கிறேன். எனக்கும் நிம்மதி என்று எழுதியிருந்தாய். ஒரு மண்ணும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வாரேன். பயப்படாதே, வாய் திறக்கமாட்டேன். நீயும் திறக்க வேண்டாம். அந்தச் சிலை விளையாட்டை உன்னோடு விளையாட வருகிறேன். அதற்குப் பேச்சு தேவையில்லை என்று நீதானே எழுதினாய்? பட்டிக்காட்டான் அந்த ஆட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்.

வேண்டாம் என்றால் எழுது. ஒரே ஒரு வரி போதும்.

செல்வக்குமார்


(அஞ்சலட்டை)

23.5.2025

வா. விட்டுக்கொடுத்தால் செருப்பு பிய்ந்துவிடும்.

க.


உசிலம்பட்டி
27.5.2025

அக்கா கனகத்துக்கு,

நீ நலமாக இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். நானும் நலமாக இல்லை. அன்று நடந்ததை நான் எழுதித்தான் ஆகவேண்டும். அன்றைக்குப் பேசவேண்டிய நேரத்தில் நான் பேசவில்லை.

மச்சான்தான் கதவைத் திறந்தார். அவர் ஒருத்தர்தான் நம் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார், பாவம். வெயிலைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மறுபடியும் வெயிலைப் பற்றி. நீ குச்சியை என் கையில் திணித்தாய். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிவிடப் பார்த்தாய், முடியவில்லை, நானே மாட்டிக்கொண்டேன். அந்த ஆடு வந்தது. நீ எழுதியது போதாது. அதைவிட அசிங்கமான ஒரு ஆட்டை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

எதிரெதிரே நின்றோம். அஞ்சு வருஷத்தில் கோயிலில், கல்யாண வீடுகளில், எழவு வீடுகளில் எங்கே கண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறோம். உன் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். முன் நெற்றியில் முடி எல்லாம் நரைத்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆடு கத்தியது. மறுபடியும் நின்றோம். மறுபடியும் கத்தியது. நீ விரலைச் சுழற்றி, இன்னும், இன்னும் என்று காட்டினாய். நான் கல்லு மாதிரி நின்றேன். ஒவ்வொரு தடவையும் தோளை லேசாக ஒரு ஆட்டு ஆட்டிவிடலாமா என்று இருந்தது. நீ கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, அதை மீறக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மச்சானால் பார்க்க முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். உன் கை குச்சியோடு நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டது. இடது கையைக் கொண்டுவந்து மேலே வைத்து அமுக்கினாய். அப்போதும் கத்தியது.

குச்சியை வீசி எறியப் பார்த்தாய். கயிறு இருந்ததால் அது திரும்பி வந்து உன் முழங்கையிலேயே அடித்தது. அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"நல்லாப் பாத்துக்கடா. குச்சியில ஒண்ணும் இல்ல. என் கைதான் நிக்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குடா தம்பி."

நீ சொன்னது அவ்வளவுதான். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாய். சத்தியம் நினைவுக்கு வந்துவிட்டது. உன் கண்ணில் அதற்கும் ஒரு பயம் வந்ததைப் பார்த்தேன்.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்திருக்க வேண்டும். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். மச்சான் பின்னாலேயே காப்பியோடு ஓடி வந்தார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ்ஸுக்கு மேல் பஸ்ஸாக விட்டேன். ஒரு சூடத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் நான். உன்னிடம் என்னைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட மோசமான வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேன். உனக்குத் தெரிந்திருக்கும், நான் வந்ததும் சொல்.

நேற்றுக் காலையில் கோயிலுக்குப் போனேன். பால்பாண்டியிடம் சத்தியம் முறிந்துவிட்டது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மொதல்ல வாயத் தொறந்தது யாரு? அவுகளத்தான்யா சாமி கேக்கும். உங்க அக்காவா?" என்றார்.

"இல்ல. நாந்தேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தேன்."

"அப்பச் சாமி முன்னால சொல்லு" என்று தட்டில் சூடத்தை ஏற்றி நீட்டினார். நான்தான் முதலில் பேசினேன், குற்றம் என்னுடையது, கேட்பதை என்னிடம் கேள் என்று சத்தமாகச் சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அணைத்தேன். பொய்ச் சத்தியம்தான். கை கொஞ்சம் பொசுங்கிவிட்டது. முத்துமீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் எருமைகளைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்து, "போனா நாலு எருமைதானே போகுது. மதினியக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வாரேன். சேலையை மாற்றிக்கொண்டு தயாராக இரு. நீ வரமாட்டேன் என்பாய், நான் வா என்பேன், தெருவே கேட்கிற மாதிரி சண்டை போடுவோம். அவர்கள் பெயர் வைத்தால் வைக்கட்டும். அது எந்தப் பெயரோடு வந்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். மச்சானிடமும் சொல்லிவை. ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை. யார் கேட்டாலும், பால்பாண்டி கேட்டாலும், கனவில் சாமியே வந்து கேட்டாலும், தம்பிதான் முதலில் பேசினான் என்று சொல்.

உன் தம்பி,
செல்வக்குமார்